வெயிலா? விரிசலா? – பாலங்களின் நாடி பார்க்கும் புள்ளியியல்

1967-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள். கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு இன்னும் பத்தே நாட்கள் இருந்தன. அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின் குறுக்கே, மேற்கு வர்ஜீனியா மாநிலத்தையும் ஒஹையோ மாநிலத்தையும் இணைத்து நின்றது ‘சில்வர் பாலம்’. 1928-இல் கட்டப்பட்ட தொங்கு பாலம் அது. மாலை நேரமாகையால் பாலத்தின்மேல் வண்டிகள் நெருக்கமாக இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலம் ஆற்றில் சரிந்து விழுந்தது. 46 பேர் உயிரிழந்தனர்.

காரணம் என்ன? பாலத்தைத் தாங்கிய சங்கிலியில் ஒரே ஓர் எஃகுச் சட்டம். அதன் துளையின் உட்புறத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் ஆழமே உள்ள ஒரு வெடிப்பு. இணைப்பைப் பிரித்துப் பார்த்தாலன்றி எவர் கண்ணுக்கும் அது எட்டியிராது. இந்த விபத்திற்குப் பின்னரே, நெடுஞ்சாலைப் பாலங்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் பார்வையிட வேண்டும் என்னும் விதி 1971-இல் அந்நாட்டில் வந்தது.

ஆனால் பார்வையிடுவது மட்டும் போதுமா? 2018 ஆகஸ்ட் 14-ஆம் நாள், தேவ அன்னையின் விண்ணேற்புத் திருநாளுக்கு முந்திய தினம், இத்தாலியின் ஜெனோவா நகரில் மொராண்டி பாலத்தின் ஒரு பகுதி கொட்டும் மழையில் இடிந்து விழுந்து 43 பேர் இறந்தனர். அந்தப் பாலத்தைத் தாங்கிய எஃகுக் கம்பிகள் கான்கிரீட் உறைக்குள் மறைந்திருந்தன. உள்ளே துரு அரித்துக்கொண்டிருந்தது வெளியே தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத நோயை மருத்துவர் நாடி பிடித்து அறிகிறார். அதுபோல் பாலத்திற்கும் நாடி பார்க்க முடியுமா? முடியும். ஆயினும் அதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. அந்தச் சிக்கலைத் தீர்த்து வைக்க முன்வந்தது, நாம் பள்ளியில் படிக்கும் புள்ளியியலே! அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தட்டிப் பார்த்தால் தெரியும்

சந்தையில் மண்பானை வாங்கும் நம் தாய்மார் என்ன செய்கிறார்கள்? விரலை மடக்கிப் பானையைத் தட்டிப் பார்க்கிறார்கள். ‘டங்’ என்று ஒலித்தால் நல்ல பானை. ‘டொக்’ என்று ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது என்று பொருள். கீறலைக் கண் காணவில்லை, காது கண்டுபிடித்துவிட்டது.

இதன் பின்னே உள்ள விஞ்ஞானம் எளிது. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய அதிர்வு எண்கள் உண்டு. அவற்றை இயற்கை அதிர்வெண்கள் என்கிறோம். பொருள் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, எவ்வளவு நிறையுடையது என்னும் இரண்டைப் பொறுத்து அவை அமைகின்றன. வீணையின் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுகிறது, தளர்த்தினால் இறங்குகிறது. பாலமும் ஒரு பெரிய தந்தியே. வண்டிகள் ஓடும்போதும் காற்று வீசும்போதும் அது இடைவிடாமல் மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கிறது. நம் காதுக்கு அது கேட்பதில்லை. ஆனால் பாலத்தின்மேல் பொருத்திய நுண்ணிய அதிர்வுமானிகள் அதைப் பதிவு செய்கின்றன.

பாலத்தில் விரிசல் விழுந்தால் விறைப்பு குறையும். அதனால் அதிர்வெண்ணும் குறையும். எவ்வளவு குறையும்? அதிர்வெண், விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே பாலத்தின் மொத்த விறைப்பு 10 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் ஏறத்தாழ 5 சதவீதமே குறையும். ஓரிடத்தில் மட்டும் விழுந்த சிறு விரிசல், மொத்த விறைப்பில் ஒரு சதவீதத்தைக் குறைத்தால், அதிர்வெண்ணில் தெரிவது அரை சதவீதந்தான். அவ்வளவு சிறிய மாற்றத்தையும் இன்றைய கருவிகள் அளந்துவிடும். அப்படியானால் சிக்கல் எங்கே?

வெயில் செய்யும் குழப்பம்

சிக்கல் இதுதான்: அதிர்வெண்ணை மாற்றுவது விரிசல் மட்டுமன்று. வெயிலும் மாற்றுகிறது, குளிரும் மாற்றுகிறது.

வெப்பம் ஏறினால் கான்கிரீட்டும் எஃகும் சற்றே விறைப்பு குறைகின்றன. சாலையின் மேலுள்ள தார் இளகுகிறது. பாலம் நீள்கிறது, அதன் முனைகளிலுள்ள இடைவெளிகள் குறுகி, தாங்கும் இடங்களில் பிடிப்பு மாறுகிறது. மழை பெய்தால் கான்கிரீட் நீரை உறிஞ்சி நிறை கூடுகிறது. நெரிசல் நேரத்தில் நிற்கும் வண்டிகளின் பாரமும் சேர்கிறது. ஒவ்வொன்றும் அதிர்வெண்ணை அசைக்கிறது.

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் இதற்கு இரண்டு நல்ல சான்றுகள் உண்டு. 1993-இல் அல்புகர்க்கி நகரில், ரியோ கிராண்டே ஆற்றின்மேல் இருந்த ஒரு பழைய பாலத்தை இடிப்பதற்கு முன் விஞ்ஞானிகள் சோதனைக்கு எடுத்துக்கொண்டனர். அதன் பெரிய எஃகு உத்தரத்தை நான்கு கட்டங்களாக வேண்டுமென்றே வெட்டினார்கள். வெட்ட வெட்ட அதிர்வெண் குறைய வேண்டுமல்லவா? முதலில் வெட்டியபோது குறையவில்லை. சிறிது கூடவே செய்தது! கடைசிக் கட்டத்தில்தான் தெளிவான வீழ்ச்சி தெரிந்தது. தொடக்கத்தில் குழப்பியது சுற்றுப்புற வெப்பநிலையே என்று பின்னர் கருதப்பட்டது. அதே மாநிலத்தில் அலமோசா கேன்யன் என்னும் மற்றொரு பாலத்தை இருபத்து நான்கு மணி நேரம் இடைவிடாது அளந்து பார்த்தார்கள். எந்தச் சேதமும் இல்லாத நிலையிலேயே, காலைக்கும் மாலைக்கும் இடையில் அதிர்வெண் ஏறத்தாழ 5 சதவீதம் மாறியது.

விரிசல் செய்வது அரை சதவீதம். வெயில் செய்வது ஐந்து சதவீதம்! சந்தை இரைச்சலில் குழந்தையின் முனகலைக் கேட்பது போன்ற நிலை இது.

சுவிட்சர்லாந்துப் பாலம் கற்பித்த பாடம்

இத்துறையில் யாவரும் அறிந்த பாலம் ஒன்று சுவிட்சர்லாந்தில் இருந்தது. அதற்கு அழகிய பெயர் எதுவும் இல்லை. ‘இசட் 24’ என்பதே பெயர். கொப்பிகன், உட்சென்ஸ்டார்ஃப் என்னும் இரு ஊர்களை இணைத்து, பெர்ன் நகருக்கும் சூரிக் நகருக்கும் இடையிலான நெடுஞ்சாலையைக் கடந்து சென்றது. 14 மீட்டர், 30 மீட்டர், 14 மீட்டர் என மூன்று கண்களை உடைய கான்கிரீட் பாலம். 1960-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. பக்கத்தில் புதிய இரயில் பாதை வந்ததால் அதை இடித்துவிட்டு வேறு பாலம் கட்ட வேண்டியதாயிற்று.

இடிக்கப்போகும் பாலம்தானே என்று விட்டுவிடாமல், பெல்ஜியத்தின் லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் பிற ஐரோப்பிய நிறுவனங்களும் அதை ஒரு பாடசாலையாக்கிக் கொண்டன. 1997 நவம்பர் முதல் 1998 செப்டம்பர் வரை, ஏறக்குறைய பத்து மாதங்கள், மணிக்கு ஒருமுறை பாலத்தின் அதிர்வுகள் பதிவாயின. அவற்றுடன் காற்று, மழை, ஈரப்பதம், பாலத்தின் பல இடங்களின் வெப்பநிலை ஆகியவையும் குறிக்கப்பட்டன. கடைசி மாதத்தில் பாலத்தைப் படிப்படியாகச் சேதப்படுத்தினார்கள். ஒரு தூணைச் சிறிது சிறிதாக 95 மில்லிமீட்டர் வரை தாழ்த்தினார்கள், கான்கிரீட்டைச் செதுக்கினார்கள், உள்ளே இழுத்துக் கட்டியிருந்த எஃகுக் கம்பிகளை அறுத்தார்கள்.

கிடைத்த விவரம் வியப்பானது. பாலம் நலமாக இருந்த மாதங்களில் வானிலை மாற்றத்தால் மட்டுமே முதல் நான்கு அதிர்வெண்கள் 14 முதல் 18 சதவீதம் வரை ஏறி இறங்கின. வேண்டுமென்றே செய்த சேதத்தால் ஏற்பட்ட குறைவோ 10 சதவீதத்தை எட்டவில்லை. நோயைவிடப் பருவத்தின் ஆட்டமே பெரிது!

இன்னொன்றும் தெரிந்தது. வெப்பநிலை சுழிக்கு மேலே உள்ளவரை அதிர்வெண் மெதுவாகவே மாறியது. பனி உறையும் சுழி டிகிரிக்குக் கீழே போனதும், அதிர்வெண் செங்குத்தாக ஏறியது. சாலையின் மேலிருந்த தார்ப்பூச்சு குளிரில் கல்லைப்போல் இறுகிப் பாலத்தோடு சேர்ந்து பாரம் தாங்கத் தொடங்கியதே காரணம். கோடையில் வெறும் போர்வையாய்க் கிடந்த தார், குளிர்காலத்தில் எலும்பாகிவிட்டது என்று சொல்லலாம்.

இப்படிப்பட்ட பாலத்தின் ஒரு நாள் அளவை மட்டும் பார்த்து, ‘குறைந்துவிட்டது, ஆபத்து!’ என்றோ, ‘கூடியிருக்கிறது, கவலையில்லை’ என்றோ சொல்ல முடியுமா? முடியாது. பருவத்தின் பங்கைப் பிரித்தெடுத்த பின்புதான் நோயைப் பற்றிப் பேச வேண்டும். அதற்குப் புள்ளியியல் மூன்று வழிகளைக் காட்டுகிறது.

முதல் வழி: வெப்பத்தின் பங்கைக் கழித்தல்

பாலம் நலமாக இருக்கும்போதே ஓராண்டு முழுவதும் வெப்பநிலையையும் அதிர்வெண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அவற்றை வரைபடத்தாளில் புள்ளிகளாக இட்டால் அவை ஏறத்தாழ ஒரு கோட்டை ஒட்டி அமையும். அந்தக் கோட்டின் சமன்பாட்டைக் கண்டுகொண்டால், ‘இந்த வெப்பநிலையில் இந்தப் பாலம் இவ்வளவு அதிர வேண்டும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பாலம் 30 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 4.00 முறையும், 20 டிகிரியில் 4.05 முறையும், 10 டிகிரியில் 4.10 முறையும் அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு டிகிரி குறைந்தால் 0.005 கூடுகிறது. கோட்டிலிருந்து புள்ளிகள் விலகும் திட்ட விலக்கம் 0.015 என்போம். இன்று வெப்பநிலை 15 டிகிரி. கருவி காட்டும் அதிர்வெண் 4.00. இது நல்லதா, கெட்டதா?

4.00 என்பது அந்தப் பாலத்திற்குப் புதிய எண் அன்று. கோடை நாட்களில் பலமுறை வந்த எண்தான். மேலோட்டமாகப் பார்ப்பவர் ‘வழக்கமான அளவே’ என்று கையெழுத்திட்டுச் சென்றுவிடுவார். ஆனால் 15 டிகிரியில் எதிர்பார்க்க வேண்டியது 4.075. வித்தியாசம் 0.075. இது திட்ட விலக்கத்தைப் போல் ஐந்து மடங்கு! தற்செயலாக இவ்வளவு வேறுபாடு வருவது மிக மிக அரிது. ஆகவே பாலத்தை உடனே நேரில் பார்க்க வேண்டும்.

கவனித்தீர்களா, மாணவியரே? அதே எண் கோடையில் நலத்தின் அடையாளம். குளிர்நாளில் நோயின் அடையாளம். எண் மட்டும் எதையும் சொல்வதில்லை. எந்தச் சூழ்நிலையில் வந்த எண் என்பதே முக்கியம்.

நடைமுறையில் இன்னும் சற்று நுட்பம் தேவை. தடித்த கான்கிரீட் உடனே சூடாவதில்லை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மொட்டைமாடித் தளம் இரவிலும் சுடுவதை நாம் அறிவோம் அல்லவா? அதனால் இப்போதைய வெப்பநிலையை மட்டுமன்றி, முந்திய சில மணி நேரங்களின் வெப்பநிலையையும் சமன்பாட்டில் சேர்க்கிறார்கள். லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்ட் பேட்டர்ஸ், கீடோ டி ரூக் என்னும் இருவர் ‘இசட் 24’ பாலத்திற்கு இவ்வகைச் சமன்பாட்டை அமைத்து 2001-இல் வெளியிட்டனர். தூண் தாழ்த்தப்பட்டபோது அதிர்வெண்கள், சமன்பாடு அனுமதித்த எல்லையைத் தாண்டி வெளியே விழுந்ததை அவர்கள் காட்டினர். வெப்பத்தின் பங்கைக் கழித்ததும் மறைந்திருந்த சேதம் வெளிப்பட்டது.

இரண்டாம் வழி: பாடகர் குழுவைக் கவனித்தல்

வெப்பமானிகள் பொருத்தப்படாத பாலங்களை என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு.

சிற்றாலயத்தில் பாடற்குழு பாடுகிறது. ஆர்மோனியத்தில் சுருதியை அரைக்கட்டை இறக்கினால் எல்லாரும் சேர்ந்தே இறங்கிப் பாடுவார்கள், பாட்டு கெடாது. ஒருத்தி மட்டும் இறங்கினால் உடனே அபசுரம் கேட்கும். பாலத்திற்கும் ஒரே ஓர் அதிர்வெண் இல்லை, பல உண்டு. வளைந்து ஆடுவதற்கு ஒன்று, முறுகி ஆடுவதற்கு ஒன்று என ஒவ்வோர் அசைவுக்கும் ஒவ்வோர் எண். வெயிலும் குளிரும் பாலம் முழுவதையும் தழுவுவதால் இந்த எண்களெல்லாம் ஓர் ஒழுங்கோடு சேர்ந்தே நகர்கின்றன. விரிசலோ ஓரிடத்தில் மட்டும் விழுகிறது. அந்த இடம் எந்த அசைவில் அதிகம் வளைகிறதோ, அந்த அசைவின் எண் மற்றவற்றைவிட அதிகமாகக் குறைகிறது. இசைவு கெடுகிறது. எண்கள் சேர்ந்து நகரும் திசையைக் கணித்து, அதைத் தனியே ஒதுக்கிவிட்டு, எஞ்சிய அபசுரத்தை மட்டும் கேட்பதே இம்முறை. இதற்கான கணிதத்தை கார்ல் பியர்சன் 1901-இலும் ஹெரால்ட் ஹோட்டலிங் 1933-இலும் வகுத்துத் தந்தார்கள். இக்கணிதம் பிறந்தபோது பாலத்தை யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்!

இங்கே நம் நாட்டவர் ஒருவரை நன்றியோடு நினைக்க வேண்டும். கல்கத்தாவில் 1893-இல் பிறந்து, 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ் அவர். கல்கத்தா ஆங்கிலோ-இந்தியரின் உடல் அளவுகளை ஆராய்ந்த பணியிலிருந்து வளர்ந்த ஒரு கேள்விக்கு அவர் 1936-இல் விடை தந்தார். பல அளவுகளைக் கொண்ட ஒரு பொருள், தன் கூட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பதை ஒரே எண்ணால் எப்படிச் சொல்வது? இதுவே அக்கேள்வி. அந்த எண்ணை இன்று உலகம் ‘மகலனோபிஸ் தொலைவு’ என்றே அழைக்கிறது.

தையல் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சீருடை தைக்க அளவெடுத்த தாள்கள் மேசைமேல் இருக்கின்றன. ஒரு தாளில் பள்ளியிலேயே நெட்டையான மாணவிகளின் உயரம். அதே தாளில் ஆறாம் வகுப்புச் சிறுமியின் கை நீளம். அந்த உயரமும் பள்ளியில் உண்டு. அந்தக் கை நீளமும் பள்ளியில் உண்டு. ஆனால் இரண்டும் ஒருத்தியிடம் சேர்ந்து இருப்பதில்லை. எங்கோ அளவு மாறிவிட்டது என்று தையல் ஆசிரியை உடனே சந்தேகிப்பார். அவருடைய அனுபவம் செய்யும் இந்த வேலையை, மகலனோபிஸ் தொலைவு கணக்காகச் செய்கிறது. பாலத்தின் நான்கைந்து அதிர்வெண்களைத் தனித்தனியே பார்க்காமல் சேர்த்துப் பார்த்து, ‘இப்படி ஒரு சேர்க்கை நலமான நாட்களில் வந்ததே இல்லை’ என்று எச்சரிக்கிறது. மகலனோபிஸின் பிறந்த நாளான ஜூன் 29, 2007 முதல் நம் நாட்டில் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

மூன்றாம் வழி: கடைவீதியில் கற்ற பாடம்

அரிசி விலை ஏறும், இறங்கும். இட்லி விலையும் ஏறும், இறங்கும். நாளை அரிசி என்ன விலை விற்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விலைகளும் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் போய்விடுவதில்லை. அரிசி விலை அப்படியே இருக்க, இட்லி விலை மட்டும் ஏறிக்கொண்டே போனால், வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று அறிகிறோம்.

இத்தகைய உறவைக் கணிதமாக்கியவர்கள் ராபர்ட் எங்கிள், கிளைவ் கிரேஞ்சர் என்னும் பொருளாதார அறிஞர்கள். 1987-இல் அவர்கள் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. 2003-இல் இருவரும் பொருளாதாரத்திற்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் கிராஸ் என்னும் பெண் ஆய்வாளர், தம் துணை ஆய்வாளர்களோடு இந்த முறையைக் கட்டடங்களுக்குப் பயன்படுத்தி 2011-இல் வெளியிட்டார். வெயிலோடு சேர்ந்து அலையும் அதிர்வெண்களை ஒன்றோடொன்று தகுந்த விகிதத்தில் கூட்டியும் கழித்தும் அலையாத ஓர் எண்ணை உண்டாக்க வேண்டும். அது பருவம் மாறினாலும் ஒரே இடத்தில் நிற்கும். சேதம் நேர்ந்தால் மட்டும் இடம் பெயரும். ‘இசட் 24’ பாலத்தின் பழைய பதிவுகளிலும் இம்முறை சோதிக்கப்பட்டது. கடைவீதிக் கணக்கு கான்கிரீட்டுக்கும் உதவியது என்றால் வியப்பன்றோ!

எப்போது மணி அடிப்பது?

பருவத்தின் பங்கைக் கழித்தாயிற்று. எஞ்சிய எண் எவ்வளவு விலகினால் அபாய மணியை அடிப்பது?

அமெரிக்கத் தொலைபேசித் துறையில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட் என்பவர் 1924-இல் ஒரு வரைபடத்தை அமைத்தார். நடுவே சராசரிக் கோடு. அதற்கு மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் இரண்டு எல்லைக் கோடுகள். புள்ளிகள் எல்லைக்குள் இருந்தால் இயல்பான ஆட்டம். வெளியே விழுந்தால் காரணம் தேட வேண்டும். தொழிற்சாலைக்காகப் பிறந்த இந்த வரைபடமே இன்று பாலங்களுக்கும் காவல் நிற்கிறது.

ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இயல்பான பரவல் உடைய அளவுகளில், நலமாக இருக்கும்போதே, ஏறத்தாழ 10,000-க்கு 27 அளவுகள் இந்த மூன்று விலக்க எல்லையைத் தாண்டிவிடும். மணிக்கு ஒருமுறை அளந்தால் ஆண்டுக்கு 8,760 அளவுகள். அப்படியானால் எந்தக் குறையும் இல்லாத பாலத்திற்கு ஆண்டுக்குச் சுமார் 24 முறை பொய் மணி அடிக்கும்! ‘புலி வருது, புலி வருது’ என்று கூவிய சிறுவனின் கதை நமக்குத் தெரியும். பொய் மணி அடிக்கடி ஒலித்தால் மெய்யான மணியை யாரும் மதிக்கமாட்டார்கள். அதற்கு அஞ்சி எல்லையை மிக அகலமாக வைத்தாலோ, உண்மையான சேதம் சத்தமின்றி உள்ளே நுழைந்துவிடும். முன்னது வீண் செலவு. பின்னது உயிர்ச் சேதம். ஆதலால் ஒரு புள்ளியைக் கண்டு பதறாமல், புள்ளிகள் தொடர்ந்து ஒரே பக்கம் விலகுகின்றனவா என்று பார்க்கிறார்கள்.

முறையின் எல்லைகள்

எந்தக் கருவியையும் அதன் எல்லை அறிந்தே பயன்படுத்த வேண்டும். முதலாவதாக, நலமான நாட்களின் பதிவு எல்லாப் பருவங்களையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும். கோடையில் மட்டும் ‘இசட் 24’ பாலத்தை அறிந்த கம்ப்யூட்டர், முதல் பனி விழுந்த அன்று வீணாகக் கூச்சலிட்டிருக்கும். இரண்டாவதாக, பழகத் தொடங்கும்போதே பாலம் நோயுற்றிருந்தால், கம்ப்யூட்டர் அந்த நோயையே நலம் என்று கற்றுக்கொள்ளும். மூன்றாவதாக, கருவியே பழுதானாலும் பாலம் பழுதானது போலத்தான் தெரியும். நான்காவதாக, இம்முறைகள் ‘ஏதோ மாறிவிட்டது’ என்று மட்டுமே உறுதியாகச் சொல்லும். எங்கே சேதம், எவ்வளவு சேதம், இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்னும் கேள்விகள் ஒன்றைவிட ஒன்று கடினமானவை. அவற்றிற்குப் பொறியாளர் நேரில் சென்று பார்த்தே ஆகவேண்டும். கம்ப்யூட்டர் மணி அடிக்கலாம். கதவைத் திறந்து பார்ப்பது மனிதர் கடமை.

நாம் கற்கும் பாடம்

பத்தாம் வகுப்பில் சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிடும்போது, ‘இது எதற்கு உதவும்?’ என்று சில மாணவிகள் முணுமுணுப்பதுண்டு. அந்தத் திட்ட விலக்கமே நள்ளிரவில் ஒரு பாலத்தின்மேல் விழித்திருந்து, உறங்கிக்கொண்டு பயணம் செய்யும் மக்களைக் காவல் காக்கிறது. நாளை உங்களில் சிலர் பொறியாளர்களாகவும் புள்ளியியல் அறிஞர்களாகவும் ஆகி இக்காவலைத் தொடரலாம்.

மற்றொரு பாடமும் இதில் உண்டு. பாலத்தை உடைத்துப் பார்த்து நோயைக் கற்க யாராலும் எப்போதும் முடியாது. இடிக்கப்போகும் ‘இசட் 24’ போன்ற பாலம் கிடைப்பது அரிது. ஆகவே இந்த முறைகள் எல்லாம் நோயைப் படிக்காமல் நலத்தையே படிக்கின்றன. எல்லாப் பருவங்களிலும் நலம் எப்படி இருக்கும் என்று பொறுமையாக அறிந்த பிறகே, ‘இது குறை’ என்று வாய் திறக்கின்றன. பிள்ளையை நன்கு அறிந்த தாய், வாடிய முகத்தைக் கண்டதும் ‘இது பசியா, காய்ச்சலா, மனவருத்தமா’ என்று பிரித்தறிவதும் இப்படித்தான். வகுப்பில் ஒரு தோழி ஒரு நாள் எரிந்து விழுந்தால், உடனே அவளைக் கெட்டவள் என்று தீர்ப்பிட வேண்டாம். அன்று அவள்மேல் எந்த வெயில் காய்ந்ததோ! அதே வேளையில், எப்போதும் சிரிப்பவள் பல நாட்கள் தொடர்ந்து மௌனமாய் இருந்தால், அதைப் பருவக் கோளாறு என்று தள்ளிவிடவும் வேண்டாம். அருகில் சென்று கேட்பதே அன்பின் கடமை.

பாறைமேல் கட்டிய வீட்டையும் மணல்மேல் கட்டிய வீட்டையும் பற்றி நம் ஆண்டவர் உவமை கூறினார். மழையும் காற்றும் வெள்ளமும் இரண்டு வீடுகளையும் ஒன்றுபோலவே தாக்கின. வெளித்தோற்றத்தில் தெரியாத வேறுபாடு அப்போதுதான் தெரிந்தது. வெள்ளம் வருமுன்பே அந்த வேறுபாட்டை அறிய முயல்வதே இன்றைய விஞ்ஞானத்தின் முயற்சி. அம்முயற்சியால் காக்கப்படும் ஒவ்வோர் உயிரும் இறைவனின் கொடை என்பதை உணர்ந்து, நாம் கற்கும் கணிதத்தை அன்போடும் அக்கறையோடும் கற்போமாக!